தைப்பூசத்துக்கு ஆறு அடுக்கு

ஆர்த்திகா எனக்குத் தந்த முதல் பரிசு ஓர் உள்ளாடை. மனதை எங்கும் ஓடவிட வேண்டாம். கழுத்துவரை மூடிய, மணிக்கட்டைத் தாண்டி வந்து கட்டைவிரலுக்கு ஓட்டை வைத்த, சாம்பல் நிற மெரினோ கம்பளிச் சட்டை. அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். உரித்த பனங்கிழங்கு மாதிரி இருந்தேன்.

"இதைத் தோலோட போட வேணும்," என்றாள். "இடையில ஒண்டும் இருக்கக் கூடாது. இதுக்கு மேல ஒரு கம்பளி சுவெட்டர். அதுக்கு மேல காத்துத் தடுக்கிற ஜாக்கெட். மூண்டு அடுக்கு. காணும்."

"மைனஸ் இருபதுலயுமா?"

"மைனஸ் இருபதிலயும்தான். சைக்கிள்ல வெளிக்கிடேக்க கொஞ்சம் குளிர வேணும் ரங்கா. வாசல்லயே கதகதப்பா இருந்தீரெண்டா பத்து நிமிசத்தில வேர்க்கும். வேர்த்தா ஈரம். நிண்டீரெண்டா அந்த ஈரம் உம்மைத் தின்னும்."

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கடைசியாக ஒன்று சொன்னாள். அங்கேதான் சிக்கல் தொடங்கியது.

"இதை ஒவ்வொருநாளும் தோய்க்கத் தேவையில்லை. கிழமைக்கு ஒருக்காக் காணும். கம்பளி மணக்காது."

நான் திருப்பூர்க்காரன். எங்கள் மாமா ஒருவர் பனியன் தைக்கிறார், இன்னொரு மாமா அதற்குச் சாயம் போடுகிறார், சித்தப்பா அதை அட்டைப்பெட்டியில் அடைக்கிறார். பிறந்த நாளிலிருந்து என் தோலுக்கும் உலகத்துக்கும் நடுவில் ஒரு வெள்ளைப் பருத்திப் பனியன் இருந்து வந்திருக்கிறது. எங்கள் வீட்டில் நேற்றுப் போட்ட பனியனுக்கும் போன வருடத்துக் காலண்டருக்கும் ஒரே மரியாதை. உடம்போடு ஒட்டின துணியை ஒரு வாரம் துவைக்காமல் போடு என்று ஒரு பெண், அதுவும் நான் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிற பெண், முகம் மாறாமல் சொல்கிறாள்.

அவளையும் மறுக்க முடியாது, வேர்வையையும் சகிக்க முடியாது. ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தேன். கம்பளிச் சட்டைக்கு உள்ளே ஒரு பனியன். பனியன் வேர்வையை வாங்கிக்கொள்ளும், கம்பளி சுத்தமாக இருக்கும், பனியனைத் தினமும் துவைக்கலாம். புது ரிமோட்டுக்கு பிளாஸ்டிக் உறை போட்டு, உறை நழுவாமலிருக்க ரப்பர் பேண்டும் போடுகிற குடும்பத்தில் வளர்ந்தவனுக்கு இது கண்டுபிடிப்பே இல்லை, அனிச்சைச் செயல்.

"எப்படி இருக்கு?" என்று அடுத்த வாரம் கேட்டாள்.

"ரெண்டாவது தோல் மாதிரி இருக்கு," என்றேன்.

இரண்டு மாதம் இதையே சொன்னேன். மான்ட்ரியலில் விலெரே பகுதியில் இருக்கும் என் வீட்டிலிருந்து ஆபீசுக்குச் சைக்கிளில் பன்னிரண்டு நிமிடம். பன்னிரண்டு நிமிடத்தில் பருத்திக்குத் தன் குணத்தைக் காட்ட நேரம் போதாது. நான் அதை என் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆர்த்திகா ஒரு பல் கிளினிக்கில் பல் சுத்தம் செய்கிறவள். அவளுக்கு மனிதகுலத்தின் மேல் ஒரே ஒரு புகார்தான் உண்டு. "ஒவ்வொருநாளும் நூல் போட்டுப் பல் இடுக்குச் சுத்தம் செய்யிறீங்களோ எண்டு கேட்டா எல்லாரும் ஓம் எண்டுதான் சொல்லுவினம். வாயைத் திறந்தா பல்லு முரசில ரத்தம். ஏன் பொய் சொல்லுகினம்? நான் என்ன பொலிசா?" இதை அவள் சொல்லும்போதெல்லாம் நான் ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துக்கொள்வேன்.

அவளுக்கு அம்மா இல்லை. ஆறு வருடமாக வீட்டில் அப்பாவும் அவளும்தான். அப்பா பெயர் சண்முகலிங்கம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஷபனெல் தெருவில் ஒரு கோட் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் துணி வெட்டினவர். இப்போது ஓய்வு. கார்ட்டியர்வில் பக்கம் ஒரு பழைய கிடங்கைக் கோயிலாக்கியிருக்கும் முருகனுக்கு நிர்வாக சபையில் உறுப்பினர். என்னைப் பற்றி மகள் பேச்செடுத்தபோது அவர் சொன்னது: "இந்தியாவில இருந்து வாற கம்ப்யூட்டர் பொடியள் எல்லாத்தையும் வாயாலதான் செய்வினம்."

"இவர் குளிர் காலம் முழுக்கச் சைக்கிள்ல போறவர் அப்பா."

"அதையும் வாயாலதான் ஓடுவார்."

இரண்டு முறை என்னைப் பார்க்க மறுத்தார். மூன்றாவது முறை, தைப்பூசத்தன்று கோயிலுக்கு வரட்டும், பன்னிரண்டு மணிப் பூசைக்கு முன்னம் வரட்டும், பார்க்கிறேன் என்றார்.

"அப்பாவை விட்டிட்டு நான் கலியாணம் செய்யமாட்டன்," என்று ஆர்த்திகா முந்தின நாள் போனில் சொன்னாள். மிரட்டலாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வது மாதிரிச் சொன்னாள். "அவருக்கு உம்மை நம்ப ஏலுமெண்டு பட வேணும். வேற ஒண்டும் தேவையில்லை."

"பஸ்ல வந்துடவா?"

"நான் சைக்கிள் எண்டு சொல்லிப்போட்டன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜன்னலில் பனி பூப்போட்டிருந்தது. அம்மா வீடியோவில் வந்தார். தன் போனில் மான்ட்ரியல் வெப்பத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்கு இப்போது சீரியல் மாதிரி.

"மைனஸ் இருபத்திரண்டு போட்டிருக்குது கண்ணு. எத்தனை துணி போட்டிருக்கே?"

"மூணும்மா."

"மூணா? அந்தப் புள்ளையோட அப்பா முன்னாடி மூக்கை உறிஞ்சிட்டு நிக்கப் போறியா? இன்னொண்ணு போடு. எனக்குக் காட்டிட்டுப் போடு."

அம்மா பார்க்கப் பார்க்கப் போட்டேன். பனியன், மெரினோ, கம்பளி சுவெட்டர், ஆபீசில் கொடுத்த ஃப்ளீஸ் மேல்சட்டை, இறகு அடைத்த ஜாக்கெட், எல்லாவற்றுக்கும் மேலே காற்றுத் தடுக்கிற ஜாக்கெட். ஆறு. "ஆறுமுகனுக்கு ஆறு, சரியாப் போச்சு," என்றார் அம்மா. கீழே கம்பளிக் கால்சட்டை, அதற்கு மேல் பேண்ட். வேட்டியைப் பையில் வைத்தேன். கதவைத் திறந்தபோது கொஞ்சம்கூடக் குளிரவில்லை. ஆர்த்திகா சொன்ன பாடத்தின் முதல் வரியை அப்போதே மீறியிருந்தேன். ஆனால் அவ்வளவு கதகதப்பில் பாடம் எவனுக்கு ஞாபகம் வரும்?

சென்-டெனி தெருச் சைக்கிள் பாதையில் பனியைச் சுத்தமாக வழித்து, மிச்சம் உருக உப்புப் போட்டிருந்தார்கள். வடக்கே மிதித்தேன். ஐந்தாவது நிமிடம் மார்பு சூடாகியது. பத்தாவது நிமிடம் முதுகில் ஒரு சொட்டு புறப்பட்டு, அவசரமில்லாமல், வழியில் நின்று நின்று கீழே இறங்கியது. இருபதாவது நிமிடம் எனக்குள் ஐப்பசி மழை. எதிரே ஒரு கிழவி சைக்கிளில் வந்தாள், ஒரு சுவெட்டரும் ஒரு மெல்லிய ஜாக்கெட்டும்தான். "போன்ஜூர்" என்றாள். என் வாயைத் திறந்தால் ஆவிதான் வந்தது. நான் பதில் சொல்வதற்குள் போய்விட்டாள்.

ஜிப்பைத் திறந்து விட்டிருக்கலாம். ஒரு ஜாக்கெட்டைக் கழற்றிப் பையில் திணித்திருக்கலாம். ஆனால் மணி பதினொன்று, இன்னும் பாதித் தூரம், நிற்க நேரமில்லை. நேரத்துக்குப் போவதுதான் நம்பிக்கைக்கு முதல் படி என்று எனக்கு நானே பிரசங்கம் செய்துகொண்டு மிதித்தேன்.

மேற்கே திரும்பினதும் நகரசபை என்னை நிறுத்தியது. முந்தின நாள் புயலில் விழுந்த பனியை அள்ளுகிற ஊர்வலம். முன்னால் மஞ்சள் விளக்கோடு ஒரு வண்டி, பின்னால் பனியை உறிஞ்சித் துப்புகிற இயந்திரம், அதற்குப் பக்கத்தில் ஒன்றன்பின் ஒன்றாக லாரிகள். தெரு முழுக்க அடைப்பு. நடைபாதையில் இடுப்பளவு பனி. லாரி நிரம்பி நகரும், அடுத்த லாரி வரும், இயந்திரம் துப்பும். தேர் நிலைக்கு வருகிற வேகம். வடம் பிடிக்கத்தான் ஆளில்லை. கொடி பிடித்து நின்ற பெண்மணியிடம் பிரெஞ்சில் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். தோளைக் குலுக்கினார். இந்த ஊரில் அதுதான் முழுமையான பதில்.

இருபத்தைந்து நிமிடம் நின்றேன். முதல் ஐந்து நிமிடம் சுகமாக இருந்தது. பிறகு பனியன் வேலையை ஆரம்பித்தது. வாங்கி வைத்த ஈரம் முழுவதையும் அது என் முதுகிலேயே திருப்பி வைத்தது. ஐந்து அடுக்கு வெளியே நின்று மான்ட்ரியலைத் தடுத்துக்கொண்டிருக்க, உள்ளே ஒரு சின்ன மான்ட்ரியல் உருவாகிக்கொண்டிருந்தது. குதித்தேன். கையைத் தட்டினேன். லாரி ஓட்டுநர் ஒருவர் என்னைப் பார்த்து ஹாரன் அடித்தார், பாராட்டாகத்தான் இருக்க வேண்டும்.

கோயில் வாசலில் சைக்கிளைப் பூட்டும்போது மணி பன்னிரண்டுக்கு எட்டு நிமிடம். விரல் பூட்டைத் திருப்பியது, எனக்குத்தான் அது தெரியவில்லை. பல் அடிக்க ஆரம்பித்திருந்தது. உள்ளே தவில் சத்தம், சூடத்தின் வாசனை, சனக்கூட்டம். பிழைத்தேன் என்று நினைத்தேன். செருப்பு வைக்கும் அறையில் வேட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பினால், கதவருகே நின்ற தொண்டர் கையை நீட்டினார்.

"அண்ணை, மேலைக் கழட்டுங்கோ."

"எதை?"

"எல்லாத்தையும்தான்."

சுவரில் பலகை இருந்தது. காலணிகளை இங்கே விடவும் என்று மூன்று மொழியில். அதற்குக் கீழே தமிழில் மட்டும்: ஆண்கள் மேலாடையுடன் உள்ளே செல்லக் கூடாது.

எங்கள் ஊர்க் கோயிலில் சட்டையோடுதான் போவோம். ஆர்த்திகாவுக்கோ, கோயிலுக்குப் போகும் ஆண் சட்டையைக் கழற்றுவான் என்பது சூரியன் கிழக்கே உதிக்கும் என்பது மாதிரி. யாராவது அதைச் சொல்லிக்கொண்டிருப்பார்களா? அவள் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

கழற்றினேன். ஆறாவது, ஐந்தாவது, நான்காவது. தொண்டர் முதலில் பொறுமையாகவும், பிறகு ஆர்வமாகவும் பார்த்துக்கொண்டிருந்தார். சுவெட்டர் போனது. மெரினோ போனது. "இன்னும் இருக்கோ?" என்றார். பனியன் உடம்போடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. தலைவழியாக இழுத்தபோது, ஈரத் துண்டை உதறுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அதைச் சுருட்டிக் குவியலின் நடுவில் புதைத்தேன்.

உள்ளே போனேன். கீழே டைல்ஸ், வெறுங்கால். நான் நின்ற இடம் பெரிய கதவுக்குப் பக்கத்தில். சரியாக அந்த நேரம் காவடி வந்தது. கதவைத் திறந்தார்கள். காவடி ஆடிக்கொண்டே வாசல்வரை போய், வெளியே ஒரு காலை வைத்துவிட்டு அப்படியே திரும்பியது. முருகனுக்கும் ஊர் தெரியும். ஆனால் கதவு திறந்திருந்த அந்த ஒரு நிமிடத்தில் மைனஸ் இருபத்திரண்டும் தரிசனத்துக்கு உள்ளே வந்துவிட்டது. வந்து என் ஈர முதுகில் கையை வைத்தது.

நடுக்கம் முழங்காலில் புறப்பட்டது. இடுப்புக்கு வந்தது. தோள் குலுங்கியது. பல் தவிலோடு சேர்ந்து தாளம் போட்டது, சில இடங்களில் தவிலை முந்தியது. கையை மார்போடு கட்டிப் பார்த்தேன், கட்டின கையும் சேர்ந்து ஆடியது. கண் தானாகச் செருகியது. அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"அங்க பாருங்கோ. அந்தப் பிள்ளைக்குச் சாமி வந்திட்டுது."

அரோகரா என்றது கூட்டம். என்னைச் சுற்றி வட்டம் விழுந்தது. ஒருவர் நெற்றியில் விபூதி அள்ளிப் பூசினார், ஒருவர் மாலை போட்டார். மாலையும் ஈரம். தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள் போல. நடுக்கம் இரட்டிப்பானது. தவில்காரர் உற்சாகமாகி வேகத்தைக் கூட்டினார்.

குரல் கொடுத்த அம்மாளே முதலில் முன்னால் வந்தார். "சாமி, நான் தாட்சாயினி. மகன்ர மனுசியைக் கூப்பிட விண்ணப்பம் போட்டுப் பதினாலு மாசம். கடிதம் எப்ப வரும்?"

குடிவரவுத் துறையே சொல்லாததை நான் எப்படிச் சொல்வது? சொல்லலாம் என்று வாயைத் திறந்தால் பல்தான் பேசியது. தாட்சாயினி அன்ரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "விளங்குது சாமி," என்றார். அவருக்கு என்ன விளங்கியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிறகு கூட்டம் விலகி ஒருவருக்கு வழி விட்டது. வெள்ளை வேட்டி, இடுப்பில் பட்டுச் சால்வை, கழுத்தில் உருத்திராட்சம், ஒடிசலான உடம்பு. போட்டோவில் பார்த்திருக்கிறேன். சண்முகலிங்கம்.

என்னை அவர் போட்டோவில்கூடப் பார்த்ததில்லை. பார்க்க மாட்டேன் என்று மறுத்தவர்.

பக்கத்தில் நின்றவரிடம் மெதுவாகச் சொன்னார், எனக்குக் கேட்டது. "வருசா வருசம் அதே நாலு பேருக்குத்தான் வாறது. எல்லாம் நடிப்பெண்டு தெரியும். இது நடிப்பில்லை. சொண்டைப் பாருங்கோ, நீலம்." சொண்டு என்றது என் உதட்டை. பிறகு கை கூப்பினார்.

"முருகா, நான் உன்னட்டை ஒண்டும் கேட்டதில்லை. மனுசி படுத்த படுக்கையில கிடக்கேக்கயும் கேக்கேல்லை, உனக்குத் தெரியும். இப்ப ஒண்டு கேக்கிறன். என்ர மகள் ஒரு பொடியனைச் சொல்லுறாள். இந்தியாப் பொடியன். இண்டைக்குப் பன்னிரண்டு மணிக்கு முன்னம் வாறனெண்டவன். பன்னிரண்டு தாண்டிட்டுது, காணேல்லை. அவனை நம்பி நான் என்ர பிள்ளையைக் குடுக்கலாமோ?"

கூட்டம் மூச்சைப் பிடித்தது. நான் என்ன பதில் சொல்வது என்று யோசிக்கவே அவசியமில்லாமல் போயிற்று. என் தலை ஏற்கெனவே ஆமாம், ஆமாம், ஆமாம் என்று மேலும் கீழுமாக ஆடிக்கொண்டிருந்தது.

"அரோகரா," என்றார் சண்முகலிங்கம். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முடிந்தது. இரண்டு மாதம் பேசியும் கிடைக்காதது, பருத்தியும் வேர்வையும் சேர்ந்ததில் அரை நிமிடத்தில் கிடைத்துவிட்டது. நான் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பிறகு நான் யாரென்று தெரிந்தால்கூட என்ன, முருகனே நேரில் வந்து மாப்பிள்ளையைக் காட்டினான் என்று ஊர் சொல்லும். எனக்குப் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்குக்கூட அது பெருமை.

அப்போது பெண்கள் வரிசையை இடித்துக்கொண்டு ஆர்த்திகா வருவதைப் பார்த்தேன். நீலச் சேலை. முகத்தில் பயம், என் உடம்பைப் பற்றின பயம். என்னைப் பார்த்த கணமே அவளுக்கு இது சாமியில்லை என்று தெரிந்துவிட்டது. கிளினிக் முகம் அது. வாயைத் திறக்காமலே உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிற முகம். அவளுடைய அப்பாவோ கை கூப்பினபடி, வாழ்க்கையில் முதன்முதலாகக் கேட்ட ஒன்றுக்குப் பதில் கிடைத்த மனிதராக நின்றுகொண்டிருந்தார். அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. சும்மா இருக்க முடிந்திருந்தால் நான் வாழ்க்கையில் நல்ல நிலைக்கு வந்திருப்பேன்.

"அங்கிள்," என்றேன்.

முருகன் ஒருவரை அங்கிள் என்று கூப்பிட்டது அநேகமாக அதுவே முதல் தடவை.

"அங்கிள், நா... நான் தலையாட்டலை. தலை தானா ஆடுது. எனக்குக் குளிருது. அந்தப் பையன் நான்தான். ரங்கநாதன். எட்டு நிமிஷம் முன்னாடியே வந்துட்டேன்."

தவில் ஒரு அடி அடித்து நின்றது. எங்கோ ஒரு குழந்தை பிரெஞ்சில் ஏதோ கேட்டது, தாய் அதன் வாயைப் பொத்தினாள்.

"சாமி சோதிக்குது," என்றார் தாட்சாயினி அன்ரி, விட்டுக்கொடுக்காமல்.

சண்முகலிங்கத்தின் கூப்பின கை மெதுவாகப் பிரிந்தது. ஐம்பது அறுபது பேர் முன்னால், மனைவியை, மகளை, மனதைத் திறந்து காட்டியிருக்கிறார். எதிரே நிற்கிறது முருகனில்லை, மாலையும் போட்டுக்கொண்டு தந்தியடிக்கிற ஒரு கம்ப்யூட்டர் பொடியன். அவர் முகத்தில் இரத்தம் ஏறினதைப் பார்த்தேன்.

ஆர்த்திகா வந்து என் கையைத் தொட்டாள். "விறைச்சுப் போச்சு அப்பா. முதல்ல சூட்டில இருத்த வேணும். பேந்து பேசுங்கோ."

"வாரும்," என்றார் அவர். முழங்கையைப் பிடித்து, கூட்டத்தின் நடுவே, கள்ளனைக் கொண்டுபோவது மாதிரிக் கொண்டுபோனார்.

கோயில் மடைப்பள்ளியில் ஆளுயர அடுப்பு. சர்க்கரைப் பொங்கல் இறக்கி வைத்திருந்தார்கள். என்னை அரிசி மூட்டையில் உட்கார்த்தி, தன் பட்டுச் சால்வையை அவிழ்த்து என் தோளில் போட்டார். போட்ட வேகத்தைப் பார்த்தால் அடிக்கத்தான் ஓங்கினார், பாதியில் மனம் மாறினார் என்று தோன்றும். ஆர்த்திகா என் துணிக் குவியலை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வந்து மேசையில் போட்டாள்.

முப்பத்தோரு வருடம் கோட் வெட்டினவருக்கு முன்னால் துணியைப் போட்டால் கை சும்மா இருக்குமா? ஒவ்வொன்றாகத் தூக்கினார். "காத்து ஜாக்கெட். சரி. இறகு. இது என்னத்துக்கு சைக்கிள் ஓடுறவனுக்கு? இதுவும் ஒண்டு, பொலியெஸ்டர். கம்பளி. இதுவும் கம்பளி, நல்ல சாமான், ஆர் வாங்கினது?"

"நான்தான்," என்றாள் ஆர்த்திகா.

நடுவிலிருந்து அது வந்தது. இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். சொட்டியது.

"இது என்ன?"

"பனியன் அங்கிள்."

"அது தெரியுது. இது எங்க கிடந்தது?"

பல் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. ஆர்த்திகா பனியனைப் பார்த்தாள், மெரினோவைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"ரெண்டாவது தோல்," என்றாள் நிதானமாக.

"ஆர்த்தி, அது வந்து, கம்பளி அழுக்காகக் கூடாதுன்னு..."

"எவ்வளவு நாளா?"

"முதல் நாள்லேர்ந்து."

"நான் ஒவ்வொரு கிழமையும் கேட்டனான்."

"ஆமா."

"ஒவ்வொரு கிழமையும் நீர் சொன்னீர்."

"ஆமா."

"எனக்குத்தான் விசர். வாயைத் திறந்து பாத்திருக்கோணும்."

சண்முகலிங்கம் பனியனைப் பிழிந்தார். அரை டம்ளர் வந்திருக்கும். அதைப் பார்த்தபடி இருந்தார். அவருடைய வாயின் ஓரம் ஒரு தடவை துடித்தது, உடனே அடக்கிக்கொண்டார். "நூல்," என்றார். பருத்திக்கு அவர் பாஷையில் அதுதான் பெயர். "மைனஸ் இருபத்திரண்டில, வேர்த்து ஒழுகிற உடம்பில, நூல். எங்கட பக்டரியில இப்பிடி ஒருத்தன் கோட் வெட்டியிருந்தா பின்னேரமே வீட்டுக்கு அனுப்பியிருப்பம். உமக்கு எந்த ஊர்?"

"திருப்பூர் அங்கிள்."

"திருப்பூரில எந்தப் பக்கம்?"

"அவிநாசி ரோடு பக்கம்."

"அங்க என்ன ஆக்கள் கனக்க?"

"அப்பா," என்றாள் ஆர்த்திகா.

"ஊரைப் பற்றிக் கேட்டனான்."

உலகத்தில் எந்த மூலைக்குப் போனாலும் இந்தக் கேள்வி வரும். வரும்போது மூன்று அடுக்குப் போட்டுக்கொண்டுதான் வரும், உள்ளே இருப்பதற்கு மட்டும் குளிரவே குளிராது. "பனியன் போடுற ஆளுங்கதான் அங்கிள், நெறைய," என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். மேலே கேட்கவில்லை.

அடுப்பின் சூடு முதுகில் ஏறியது. விரல்நுனியில் ஊசி குத்தத் தொடங்கியது, அதாவது உயிர் வந்தது.

"அங்கை வைச்சு ஏன் சொன்னனீர்?" என்றார் திடீரென்று. "நீர் வாயைத் திறக்காட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. நான் ஓமெண்டு நம்பிப்போட்டன். என்ர மானமாவது மிஞ்சியிருக்கும்."

"நீங்க ஆர்த்தியோட அம்மா படுக்கையில கிடந்ததைப் பத்திச் சொன்னீங்க," என்றேன். "அதுக்கு மேல நடிக்க முடியலை."

"அப்ப இந்த நூல் பொய் மட்டும் ரெண்டு மாசம் நடிக்க ஏலுமாயிருந்தது."

"அது சின்னதுங்க அங்கிள். சின்ன விஷயத்துல நான் பொய் சொல்லுவேன். கூச்சம். பெரிய விஷயத்துல வராது. நீங்க சாமிகிட்ட கேட்டதுக்கு இதுதான் பதில். இவ்வளவுதான் என்கிட்ட இருக்கு."

ஆர்த்திகா பிழிந்த பனியனை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

மடைப்பள்ளிக் கதவை யாரோ தட்டினார்கள். திரை விலகியது. தாட்சாயினி அன்ரி தலையை நீட்டினார். அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையாக, வெற்றிலைத் தட்டும் எலுமிச்சம்பழமுமாக.

"சாமி இன்னும் நிக்குதோ? இவைக்கு ஒண்டு கேக்க வேணுமாம். ஒராளுக்கு வேலை விசயம். ஒராளுக்கு முழங்கால்."

"சாமி இல்லை அன்ரி," என்றேன். "எனக்குக் குளிர்."

"அப்பிடித்தான் சொல்லும்," என்றார் அன்ரி பின்னால் நின்றவர்களிடம். "தன்னை மறைச்சுத்தான் பேசும்." வரிசை ஓரடி முன்னால் வந்தது. ஒருவர் காலில் விழக் குனிந்தே விட்டார்.

சண்முகலிங்கம் எழுந்தார். நிர்வாக சபை உறுப்பினராக எழுந்தார் என்று நினைக்கிறேன். கதவுக்கும் எனக்கும் நடுவில் போய் நின்று இரண்டு கையையும் விரித்தார்.

"ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லாது. ஒருத்தரும் காலில விழத் தேவையில்லை. இது சாமியில்லை. இது என்ர மருமகன். பனியனை நனைச்சுக்கொண்டு வந்து விறைச்சுப்போய் இருக்கு. போய்ப் பூசையைப் பாருங்கோ."

வரிசை கலைந்தது. தாட்சாயினி அன்ரி கடைசியாக ஒருமுறை என்னைப் பார்த்து, மருமகனோ என்று முணுமுணுத்துவிட்டு, இதுவும் செய்திதான் என்ற வேகத்தில் போனார். சாயங்காலத்துக்குள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் புரோசார்ட்வரை செய்தி போயிருக்கும்.

சண்முகலிங்கம் திரும்பவில்லை. தான் சொன்னது தன் காதிலேயே இப்போதுதான் விழுந்திருக்க வேண்டும். திரையின் மடிப்பை வெகுநேரம் சரிசெய்துகொண்டிருந்தார். அதில் சரிசெய்ய ஒன்றுமில்லை.

"நான் இன்னும் ஓம் எண்டு சொல்லேல்லை அப்பா," என்றாள் ஆர்த்திகா.

"நானுந்தான் சொல்லேல்லை. சனத்தைக் கலைக்கச் சொன்னது." கரண்டியை எடுத்து ஒரு கிண்ணத்தில் பொங்கலை அள்ளினார். ஒருவனுக்கு அளந்த மாதிரித் தெரியவில்லை, குவித்தார். "இதைத் தின்னட்டும் முதல்ல. சூடா இருக்கு, வாயைச் சுட்டுப்போடாதையும். அதையும் சுடேல்லை எண்டு சொல்லுவீர்."

கிண்ணத்தை வாங்கினேன். கை ஆடி, நெய் வேட்டியில் சிந்தியது. ஆர்த்திகா ஒரு பெருமூச்சு விட்டு, பக்கத்து மூட்டையில் உட்கார்ந்து கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கோபம் தீரப் பங்குனி ஆகிவிடும் என்று தோன்றியது. இந்த ஊரில் பனி உருகுவதும் அப்போதுதான்.